பலகையோடு பேசாத ஆசிரியை

கேள்வி: நான்காம் வகுப்பு படிக்கும் என் மகளின் வகுப்பில், காது சரியாகக் கேட்காத ஒரு பையனைச் சேர்த்திருக்கிறார்கள். காதில் கருவி மாட்டியிருக்கிறான். அவனுக்காகப் பாடத்தை மெதுவாக நடத்தினால் என் மகளின் படிப்பு என்னாவது? இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிதானே நல்லது?

பதில்: பள்ளி வாசலில் கிசுகிசுக்காமல் நேரடியாகக் கேட்டீர்களே, அதற்கு நன்றி. ஆயுளில் பாதியைக் கரும்பலகை முன் கழித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

காதுக்கருவி கண்ணாடி மாதிரி அல்ல, மாட்டியவுடன் எல்லாம் தெளிவாகிவிடாது. பேச்சோடு நாற்காலி இழுபடும் சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். அதனால் அந்தப் பையன் பாதியைக் காதாலும் மீதியை உதட்டசைவாலும் வாங்கிக்கொள்கிறான். ஆசிரியை பலகையைப் பார்த்தபடி பேசினால் அவனுக்குப் பாடம் போயிற்று. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றாலும் அப்படித்தான். வெளிச்சம் பின்னாலிருந்து அடித்து முகம் இருட்டிவிடும். ஆகவே எழுதி முடித்துத் திரும்பி நின்று பேச வேண்டும். புதிய சொற்களை முதலிலேயே பலகையில் எழுதிவிட வேண்டும். கடைசி வரிசையிலிருந்து ஒரு பிள்ளை பதில் சொன்னால் அதை உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மூடி போட்டால் இன்னும் நல்லது. இதில் உங்கள் மகளுக்கு நஷ்டம் எது? பலகையோடு பேசும் ஆசிரியர்களால் நன்றாகக் காது கேட்கும் பிள்ளைகள் இழந்த பாடம் கொஞ்சநஞ்சமா!

தனிப் பள்ளி விஷயத்துக்கு வருகிறேன். இத்தாலி 1977-லேயே சட்டம் போட்டு, மாற்றுத்திறன் குழந்தைகளைப் பொதுவகுப்புக்குக் கொண்டுவந்துவிட்டது. 1994-இல் ஸ்பெயினின் சலமான்கா நகரில் கூடிய 92 நாடுகளின் அரசுகளும் இதையே வலியுறுத்தின. 2006-இல் ஐ.நா. நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-வது பிரிவு, இதை உரிமை என்றே சொல்கிறது. ஆனால் வெறுமனே பெஞ்சில் இடம் கொடுப்பதை நான் கல்வி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். சைகை மொழியையே தன் மொழியாகக் கொண்ட குழந்தையை, அது தெரிந்த ஒருவர்கூட இல்லாத வகுப்பில் உட்காரவைப்பது தனிமைச் சிறை. அதே 24-வது பிரிவு சைகை மொழி கற்க வழிசெய்யவும் சொல்கிறது. பள்ளிகள் அந்த வரியை வசதியாகத் தாண்டிப் போய்விடுகின்றன.

உங்கள் மகளிடம் ஒன்று சொல்லி வையுங்கள். அவனிடம் கத்திப் பேச வேண்டாம். கத்தினால் உதட்டசைவு கோணிப்போகும். எதிரே நின்று சாதாரணமாகப் பேசினால் போதும். சண்டை வந்தால் சண்டையும் போடட்டும், அவனும் வகுப்புத் தோழன்தானே. ஆனால் அவனுக்குக் குறிப்பெடுத்துக் கொடுப்பதையும் விளக்கிச் சொல்வதையும் தினசரி வேலையாக அவள் தலையில் கட்டினால், அன்றைக்கே ஆசிரியையிடம் போய்க் கேளுங்கள். அது நியாயமான புகார். அந்த வேலை பெரியவர்களுடையது.