தோற்கும் ரக்பி லீக் கிளப்பில் பயிற்சி: கேள்வி பதில்

கே: ஆஸ்திரேலியாவின் ரக்பி லீக் போட்டியான என்ஆர்எல்-இல் வெஸ்ட்ஸ் டைகர்ஸ் கிளப் 2022, 2023, 2024 மூன்று வருடமும் கடைசி இடம். வீரர்கள் உழைக்கவில்லை என்பதுதானே அர்த்தம்?

ப: 2022, 2023 இரண்டிலும் 24 ஆட்டங்களில் 4 வெற்றி, 2024-இல் 6. இந்த எண்களை வைத்து உழைப்பை அளக்க முடியாது. கடைசி 20 நிமிட வீடியோவைப் போடுங்கள். பந்தைப் பார்க்காதீர்கள். டாக்கிள் செய்தவர் (பந்தோடு வருபவரைப் பிடித்து வீழ்த்தியவர்) தரையிலிருந்து எழுந்து டிஃபென்ஸ் லைனுக்குத் திரும்ப எத்தனை நொடி ஆகிறது? ஒவ்வொரு டாக்கிளுக்குப் பிறகும் விதிப்படி 10 மீட்டர் முழுசாகப் பின்வாங்கி, அங்கிருந்து சேர்ந்து முன்னேறுபவர்கள் எத்தனை பேர்? நம் அணி கிக் அடித்ததும் துரத்தும் வரிசை நேராகப் போகிறதா, இரண்டு பேர் ஓட மற்றவர்கள் நடக்கிறார்களா? இந்த மூன்றுக்கும் திறமை வேண்டியதில்லை.

முதலில் சரிவது கிக் சேஸ், அதாவது இந்தத் துரத்தல்தான். வரிசையில் ஓட்டை விழுந்தால் எதிரணியில் கடைசியாக நிற்கும் ஃபுல்பேக் கேட்பாரில்லாமல் 15 மீட்டர் எடுத்துவிடுவார். அந்த செட் (எதிரணிக்குக் கிடைக்கும் ஆறு டாக்கிள் வாய்ப்பு) முழுக்க நம் ஃபார்வர்டுகள் (முன்வரிசை வீரர்கள்) பின்னால் நகர்ந்துகொண்டே டாக்கிள் செய்ய வேண்டும். நமக்குப் பந்து வரும்போது அவர்களிடம் மூச்சு இருக்காது. "அணிக்கு மனசே இல்லை" என்று வெளியிலிருந்து சொல்வது பெரும்பாலும் இதைப் பார்த்துத்தான்.

கே: மால்கம் பயிற்சியைச் சரியாக எப்படிச் செய்வது?

ப: 10 மீட்டர் இடைவெளியில் மூன்று கோடுகள். நடுக்கோட்டில் குப்புறப் படுத்திருக்க வேண்டும். விசில் அடித்ததும் எழுந்து, முகம் முன்னாலேயே இருக்க, பின்னோக்கி 10 மீட்டர். அங்கே நெஞ்சு தரையில் படப் படுக்க வேண்டும். எழுந்து முன்னால் 20 மீட்டர் ஓட்டம், மறுபடி படுக்கை, பின்னோக்கி 10 மீட்டர் வந்து நடுக்கோட்டில் படுத்தால் ஒரு சுற்று. இப்படி ஆறு சுற்று சேர்ந்தது இந்தப் பயிற்சியில் ஒரு செட், 240 மீட்டர். நல்ல உடல்தகுதி உள்ளவர் ஒரு நிமிடத்துக்குள் முடிப்பார்.

புதிதாகத் தொடங்கும் அணிக்கு இரண்டு செட், நடுவே மூன்று நிமிட ஓய்வு போதும். ஆட்டத்துக்கு முந்தைய இரண்டு நாளில் கூடாது. மூன்றாவது சுற்றிலிருந்து இரண்டு ஏமாற்று வேலைகள் தொடங்கும். ஒன்று, நெஞ்சு தரையைத் தொடாமல் முழங்காலோடு நிறுத்துவது. இன்னொன்று, பின்னோக்கி ஓடாமல் திரும்பி ஓடுவது. இரண்டையும் விட்டுவிட்டால் பயிற்சி வீண், ஏனென்றால் ஆட்டத்தில் வேண்டியது அதே மாதிரி எழுவதும் அதே மாதிரி பின்வாங்குவதும்தான். கடிகாரத்தை கோச் பிடிக்கட்டும். நெஞ்சு படுகிறதா என்று பார்க்க ஒரு மூத்த வீரரைக் கோட்டருகே நிறுத்துங்கள். முடிந்த கையோடு, மூச்சிரைக்க, நான்கு பேருக்கு எதிராக நான்கு பேர் டிஃபென்ஸ் வைத்தால்தான் முழுப் பலன்.

கே: பிராங்கோ டெஸ்டுக்கு (ஓட்ட உடல்தகுதிச் சோதனை) நல்ல நேரம் என்ன?

ப: 20, 40, 60 மீட்டர் போய் வர வேண்டும், ஐந்து முறை, மொத்தம் 1,200 மீட்டர். அடுத்தவர் நேரத்தைப் பார்க்காதீர்கள். நீங்களே நவம்பரில் ஓடிய நேரத்தையும் பிப்ரவரியில் ஓடிய நேரத்தையும் ஒப்பிடுங்கள்.

கே: கொழும்பில் பள்ளி அணிக்கு ஆடுகிறேன். ரக்கில் வேகமாக எழ என்ன பயிற்சி?

ப: தம்பி, நீங்கள் ஆடுவது யூனியன், அது வேறு வகை ரக்பி. ரக்கில் தரையில் கிடக்கும் பந்துக்காக இரு அணியும் மோதுவது லீக்கில் கிடையாது. யூனியன் கோச்சிடம் கேளுங்கள்.

கே (பெண்டில் ஹில் வாசகர்): லேட்டாக வருபவர்களை 2 கிலோமீட்டர் கூடுதலாக ஓடவிடுகிறோம். ஒழுக்கம் வருமா?

ப: வராது. ஓட்டத்தைத் தண்டனையாக்கினால் ஓட்டம் என்றாலே வெறுப்பு வரும். லேட்டாக வந்தவர் அன்றைக்கு மட்டும் முதல்நிலை அணியோடு பயிற்சி செய்யக்கூடாது என்று வையுங்கள். விதியை மூத்த வீரர்களே எழுதட்டும், நட்சத்திர வீரருக்கும் அதேதான்.

கே (கேம்பெல்டவுன் வாசகர்): இந்தக் கொஞ்சல்தான் கிளப்புகளைக் கெடுக்கிறது. அந்தக் காலத்தில் வாந்தி எடுக்கும்வரை ஓடினார்கள், ஜெயித்தார்கள்.

ப: வாந்தி எடுத்துவிட்டுத் தோற்ற அணிகளை யாரும் நினைவில் வைப்பதில்லை. லீக் வீரர்களை வைத்தே விளையாட்டு விஞ்ஞானி டிம் கேபெட் செய்த ஆய்வில், ப்ரீ-சீசன் (சீசன் தொடங்கும் முன்) பயிற்சிச் சுமையைக் குறைத்தபோது காயங்கள் குறைந்தன, உடல்தகுதியும் கூடியது. இது 2004-லேயே வெளிவந்தது.

கே (கேம்பெல்டவுன்): ஆய்வுகள் கோப்பை வாங்கித் தராது. பென்ரித் கிளப் கடுமையாகப் பயிற்சி செய்துதானே 2021 முதல் 2024 வரை நான்கு என்ஆர்எல் கோப்பையும் வென்றது?

ப: கடுமை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேலே மால்கம் பதிலைப் படியுங்கள். கோபத்தில் கொடுக்கும் கூடுதல் ஓட்டத்தில் எத்தனை மீட்டர், எவ்வளவு ஓய்வு, என்ன வெயில் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. அதைத்தான் வேண்டாம் என்கிறேன். 2020 நவம்பரில் மேன்லி கிளப் வீரர் கீத் டிட்மஸ் ப்ரீ-சீசன் பயிற்சிக்குப் பிறகு இறந்தார். வயது 20. உழைப்பின்போது உடல் சூடேறி வரும் வெப்பத்தாக்கமே காரணம் என்று கரோனர் (மரண விசாரணை அதிகாரி) விசாரணை முடிவு செய்தது. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

விடுமுறை முடிந்து வருபவர்களுக்கு முதல் 10 முதல் 14 நாள் வெயிலுக்குப் பழகும் காலம், சுமையைப் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். மைதான ஓரத்தில் ஐஸ் தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்க வேண்டும். ஒருவர் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, காரணமில்லாமல் எரிந்து விழுந்தாலோ உடனே நிறுத்துங்கள். வியர்க்கிறதே என்று ஏமாறாதீர்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு அது வரும்வரை காத்திருக்காமல் தொட்டியில் இறக்குங்கள். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் ஆஸ்பத்திரி.

கே: கூடுதல் ஓட்டத்துக்குப் பதில் 100 புஷ்-அப் கொடுக்கலாமா?

ப: அதுவும் தண்டனைதான். மேலே சொல்லியாயிற்று.

கே: பெனால்டி கொடுத்தவரை ஓடவிடலாமா?

ப: இல்லை. இந்தக் கேள்வி இனி வேண்டாம்.

கே: தலையில் அடிபட்டவர் எப்போது திரும்பலாம்?

ப: டாக்டரிடம் போங்கள். என்ஆர்எல் 2024-இல் குறைந்தது 11 நாள் ஓய்வு என்று வைத்தது, விலக்குகள் அங்குள்ள டாக்டர்கள் பார்த்துத் தருவது. வார இறுதி கிளப் அதைவிடக் குறைக்க நினைக்கவே கூடாது.

கே: ஜெயிக்கும் கிளப்பிலிருந்து ஓரிருவரை வாங்கினால் பழக்கம் மாறாதா?

ப: பென்ரித்தில் கோப்பை வென்ற அப்பி கொரோய்சாவ் 2023-இல் டைகர்ஸுக்கு வந்தார். அந்த வருடமும் அடுத்த வருடமும் கடைசி இடம்தான். 2025-இல் ஜரோம் லுவாயும் சேர்ந்தபோது 13-ஆம் இடம். வருபவர் எழுந்து லைனுக்கு ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் நடந்தால் அவரால் ஓட்டையை அடைக்க முடியாது. வாங்குவதானால் லைனில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு மூன்று இடங்களுக்கு வாங்குங்கள், பயிற்சியிலும் அவர்களை ஒரே பக்கம் நிறுத்துங்கள்.