வாசகர் கேள்வி – பதில்: ஏஐ எழுதும் விளம்பரமும் நம் கடற்கரைச் சரக்கும்

ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில், விற்பனைக்கான விளம்பரங்களை ஏஐயின் துணையோடு எழுதுவது பற்றியவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: கருவாடு காயவைத்து, வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் வழியாக வெளியூர்களுக்கு அனுப்பி வருகிறேன். மூன்று மாதங்களாக விளம்பர வாசகங்களை ஏஐயிடம் கேட்டுத்தான் போடுகிறேன். 'அலைகள் தாலாட்டும் கடலின் அமுதச் சுவை' என்பது போல அழகாகவே எழுதித் தருகிறது. லைக் நிறைய வருகிறது, ஆர்டர் வரவில்லை. தவறு எங்கே இருக்கிறது?
– ஒரு வாசகி, மண்டபம்

பதில்: ஏஐயிடம் என்ன சொல்லிக் கேட்டீர்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் அது தந்த வாசகமே காட்டிக்கொடுத்துவிடுகிறது. 'கருவாட்டுக்கு ஒரு விளம்பரம் எழுது' என்பதற்கு மேல் அதிகம் சொல்லியிருக்க மாட்டீர்கள். சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவை, முன்பே படித்த ஏராளமான எழுத்துகளை வைத்துக்கொண்டு அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து எழுதுபவை. உங்கள் கருவாட்டை அவை பார்த்ததும் இல்லை, முகர்ந்ததும் இல்லை. தெரியாத இடத்தை நிரப்ப அவற்றிடம் இருப்பது பொதுவான இனிப்புச் சொற்கள்தான். நாகப்பட்டினத்துக் கருவாட்டுக்கும் தூத்துக்குடிக் கருவாட்டுக்கும் அதே வரியை ஒட்டிவிடலாம் என்றால், அது உங்கள் சரக்கைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை என்று பொருள். (கருவாட்டை அமுதம் என்று நம்பி வாங்கியவர் எவரும் இருப்பதாகத் தெரியவில்லை, அந்த வாடைக்காகவே வாங்குகிறவர்கள்தான் நம்மவர்கள்.)

கோயம்புத்தூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் ஒருவர் உங்கள் பதிவைப் பார்த்துவிட்டு வாங்காமல் நகர்கிறார் என்றால், அவர் மனத்தில் ஏதோ ஒரு தயக்கம் இருக்கிறது. மணல் கடிபடுமா, உப்பு அள்ளிப் போட்டிருப்பார்களா, கூரியர் வரும்போது வாடை பக்கத்து வீடு வரை போகுமா, எத்தனை நாள் வைத்திருக்கலாம், தலையும் குடலும் எடுத்ததா என்பவைதான் அந்தத் தயக்கங்கள். இவற்றுக்கு விடை தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். ஆகவே முதலில் ஏஐயைத் திறக்காமல் ஒரு தாளை எடுத்து, என்ன மீன், எப்படிச் சுத்தம் செய்தது, தரையில் காய்ந்ததா வலைப்பந்தலில் காய்ந்ததா, எத்தனை வெயில், என்ன எடை, என்ன விலை, எப்படிக் கட்டி அனுப்புகிறீர்கள் என்று உள்ளது உள்ளபடி எழுதுங்கள். பிறகு இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 'தலை நீக்கிய நெத்திலி, நல்ல தண்ணீரில் அலசியது, தரையில் படாமல் வலைப்பந்தலில் இரண்டு வெயில் காய்ந்தது, கால் கிலோ பொட்டலம், இரட்டை உறை. முதல்முறை வாங்கத் தயங்கும் இல்லத்தரசிக்கு 60 சொற்களுக்குள் எழுது. நான் சொல்லாத எதையும் சேர்க்காதே.' அந்தக் கடைசி வரியைச் சொன்ன பிறகும் அது எதையாவது சேர்க்கத்தான் செய்யும். எனவே வந்ததை வரிவரியாகப் படித்து, உங்கள் தாளில் இல்லாதவற்றை அடித்துவிடுங்கள்.

வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் இதுவரை கேட்ட கேள்விகளைத் தொகுத்துக் கொடுத்து, எந்தச் சந்தேகம் அதிகம் வருகிறது என்று ஏஐயைப் பிரித்துக் காட்டச் சொல்வது, கவிதை எழுதச் சொல்வதைவிடப் பலமடங்கு பயன் தரும். கொடுப்பதற்கு முன் பெயர், கைப்பேசி எண், முகவரி ஆகியவற்றை நீக்கிவிட வேண்டும். அவை உங்களை நம்பித் தரப்பட்டவை.

மீன்களின் பெயரில் கூடுதல் கவனம் தேவை. நம் கரையில் சீலா என்றால் வஞ்சிரம். சென்னைப் பக்கம் ஷீலா என்றால் ஊளி. ஏஐ இரண்டையும் குழப்பி எழுதினால், வஞ்சிரத்தின் விலைக்கு ஊளியை விற்கிறீர்கள் என்ற பேச்சு வந்துவிடும். காலமும் அப்படித்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த நாட்களில் 'இன்று காலை விசைப்படகில் வந்த மீன்' என்று ஏஐ எழுதியதை அப்படியே போட்டால், விவரம் தெரிந்தவர் சிரித்துவிட்டுப் போவார். தடைக்காலத்துக்கு முன்பே காயவைத்து இருப்பு வைத்த சரக்கு என்றால் அதையே எழுதுங்கள். கருவாட்டுக்கு அது குறையே அல்ல.

லைக்கை எண்ணுவதை விட்டுவிட்டு, ஒரே வாரத்தில் ஒரு குழுவுக்கு ஒரு வாசகமும் இன்னொரு குழுவுக்கு வேறொரு வாசகமும் அனுப்பி, எதிலிருந்து எத்தனை பொட்டலம் போனது என்று குறித்துவைத்தால் எது விற்கிறது என்பது தானே தெரிந்துவிடும்.

கேள்வி: பனங்கருப்பட்டி விற்கிறேன். 'சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தும், ரத்தசோகையைப் போக்கும்' என்று ஏஐ எழுதிக் கொடுத்தது. எல்லோரும் இப்படித்தானே போடுகிறார்கள், நானும் போடலாமா?
– ஒரு வாசகர், சாயல்குடி

பதில்: போடக்கூடாது. கருப்பட்டியிலும் பெரும்பங்கு சர்க்கரைதான். அந்த வரியை நம்பிச் சர்க்கரை நோயாளி ஒருவர் தாராளமாகச் சாப்பிட்டால் பாதிக்கப்படுவது அவர் உடல். சட்டப்படியும் ஓர் உணவுப்பொருள் நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்ய இடமில்லை. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் முதல்முறை 10 லட்சம், மறுமுறை 50 லட்சம் வரை அபராதத்துக்கு வழி இருக்கிறது. 'ஏஐதான் எழுதியது' என்ற பதில் அங்கே எடுபடாது, வெளியிட்டவர் நீங்கள். எல்லோரும் போடுகிறார்கள் என்பதால்தான் ஏஐயும் அதைக் கற்றுக்கொண்டு உங்களிடம் திருப்பிச் சொல்கிறது.

நோயை விட்டுவிட்டுத் தொழிலைச் சொல்லுங்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் பதனீர் இறக்குவது, அன்றன்றே காய்ச்சுவது, பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றுவது ஆகியவை பனையேறிகளை அறியாத நகரத்து வாசகருக்குப் புதியவை. சீனி கலக்காத கருப்பட்டி என்பது உண்மையானால் அதைச் சொல்லலாம். இந்தச் சரக்கில் வாங்குபவரின் முதல் சந்தேகமே அதுதான். இன்னொன்று: உறைக்கான வாசகத்தைக் கேட்டால், உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் வரவேண்டிய இடத்தில் ஏஐ ஏதாவது ஓர் எண்ணைத் தானே இட்டு நிரப்பிவிடுவது உண்டு. அச்சுக்குக் கொடுக்கும் முன் உங்கள் சான்றிதழை எதிரில் வைத்து ஒவ்வோர் இலக்கமாகச் சரிபாருங்கள்.

கேள்வி: முண்டு மிளகாய்க்கு ஏஐயில் படம் உருவாக்கினோம். பளபளவென்று நன்றாக இருக்கிறது. பயன்படுத்தலாமா?
– ஓர் உழவர் குழு, ராமநாதபுரம்

பதில்: அனுப்பியிருந்த படத்தைப் பார்த்தோம். அதில் இருப்பது நீண்டு கூரான மிளகாய். குண்டாக, உருண்டையாக, தடித்த தோலோடு இருப்பதால்தான் நம் மிளகாய்க்கு முண்டு என்றே பெயர். அந்த உருவத்தையே தொலைத்துவிட்டு விளம்பரம் செய்வதில் என்ன லாபம்? களத்தில் காயும்போது காலை வெயிலில் உங்கள் கைப்பேசியிலேயே ஒரு படம் எடுங்கள். பின்னணியைச் சுத்தம் செய்யவும், எழுத்துகளைப் பொருத்தவும் ஏஐயைப் பயன்படுத்திக்கொள்வதில் தவறில்லை. சரக்கின் நிறத்தை மட்டும் ஏற்ற வேண்டாம். மூட்டையைப் பிரிக்கும்போது அது வெளுத்துத் தெரியும்.

ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஏஐ அதை உங்கள் விளம்பரத்தில் தானாகவே சேர்த்துவிடலாம். ஆனால் அந்தக் குறியீட்டைப் போட்டு விற்கும் உரிமை, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கே உண்டு. பதிவு இல்லையென்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: புதிய கடை. வாடிக்கையாளர் கருத்துகள் பத்துப் பதினைந்தை ஏஐயை வைத்து எழுதிப் போட்டுக்கொள்ளலாமா? 'இன்னும் 3 மட்டுமே மீதம்' என்று போட்டால் விற்பனை கூடும் என்றும் அதுவே யோசனை சொல்கிறது.
– ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: இரண்டும் கூடாது. முதலாவது பொய்ச் சாட்சி. இரண்டாவது, உண்மையிலேயே மூன்றுதான் இருந்தால் ஒழிய, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023இல் வரிசைப்படுத்திய, இணைய விற்பனையில் கூடாத 13 ஏமாற்று உத்திகளில் ஒன்று. வாங்கிய ஐந்து பேரிடம் ஒரு வரி கேட்டு, அவர்கள் அனுமதியோடு எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தாமல் போடுங்கள்.

கேள்வி: கடற்பாசி எடுக்கும் பெண்கள் சேர்ந்து குழுவாக இருக்கிறோம். இடைத்தரகர் இல்லாமல் நிறுவனங்களுக்கு நேரடியாக எழுத விரும்புகிறோம். எங்களுக்கு ஆங்கிலம் வராது. ஏஐ மொழிபெயர்ப்பை நம்பலாமா?
– ஒரு மகளிர் குழு, பாம்பன்

பதில்: இந்த வேலைக்கு ஏஐ உண்மையாகவே கைகொடுக்கும், தரகரை நம்பியிருந்த ஒரு கடிதத்தை நீங்களே எழுதிவிடலாம். சிக்கல் பெயர்களில்தான். மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று நீங்கள் வழங்கும் பெயர்களை ஏஐ சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்து, மரிக்கொழுந்தை மாலையில் கட்டும் வாசனைச் செடியாக்கிவிடக்கூடும். அகார், கராஜீனன் இரண்டும் பாசியிலிருந்து எடுக்கும், உணவைக் கெட்டியாக்கும் பொருட்கள். அகார் எடுக்கும் நிறுவனத்துக்கு வேண்டியது ஒரு வகை, கராஜீனன் எடுக்கும் நிறுவனத்துக்கு வேண்டியது வேறு வகை. பெயர் மாறினால் கடிதம் குப்பைக்கூடைக்குப் போகும்.

மண்டபத்திலேயே மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையமும், மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் கடற்பாசி ஆய்வு நிலையமும் இருக்கின்றன. ஒவ்வொரு பாசியிலும் ஒரு பிடி எடுத்துக்கொண்டு போய், அதன் அறிவியல் பெயரை ஒரு முறை எழுதி வாங்கி வந்துவிடுங்கள். அந்தப் பெயரை மொழிபெயர்க்காமல் அப்படியே வைக்கும்படி ஏஐயிடம் சொல்லுங்கள். கடிதத்தில் காய்ந்த எடை, ஈரப்பதம், மணலும் சிப்பியும் நீக்கியதா, மாதம் எவ்வளவு தர முடியும் ஆகிய நான்கும் இருக்கட்டும். எழுதி முடித்ததும், அந்த ஆங்கிலக் கடிதத்தைப் புதிய உரையாடல் ஒன்றில் கொடுத்து, மீண்டும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாத எடையோ விலையோ வாக்குறுதியோ அதில் தென்பட்டால், அந்த இடத்தைத் திருத்திய பிறகே அனுப்புங்கள்.