கவரேஜ் இல்லாத வீட்டுக்குப் பாடம் கொண்டுபோக: கேள்வி பதில்

வன்னியில் மூடில் (Moodle) என்ற இணையவழிப் பாடத் தளத்தை வைத்துப் படிப்பிக்கிறவர்களும் படிக்கிறவர்களும் கேட்டவை இவை. தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

மல்லாவி, ஆசிரியை: என் பாடநெறியை மூடிலில் பேக்கப் எடுத்தேன். எம்பிஇசட் என்று ஒரு கோப்பு வந்தது. பிள்ளைகளின் போனில் திறக்குதில்லை. எங்கே பிழை விட்டேன்?

நீங்கள் பிழை ஒன்றும் விடவில்லை டீச்சர். அது பிள்ளைகளுக்கான கோப்பே இல்லை. ஒரு மூடிலில் இருந்து இன்னொரு மூடிலுக்குப் பாடத்தை இடம் மாற்றத்தான் அது. பிரித்துப் பார்த்தாலும் பயனில்லை. நீங்கள் ‘ஒளித்தொகுப்பு’ என்று பெயரிட்டு ஏற்றிய பிடிஎஃப், உள்ளே எழுத்தும் எண்ணும் கலந்த 40 எழுத்துப் பெயரோடு கிடக்கும். நானும் ஒருமுறை இதைப் பென் டிரைவில் ஏற்றி வகுப்பு முழுக்கக் கொடுத்துவிட்டு அசடு வழிந்திருக்கிறேன்.

உங்களுக்கு வேண்டியது பாடநெறி உள்ளடக்கத்தைத் தரவிறக்கும் வசதி. 2020இல், மூடில் 3.10 பதிப்போடு வந்தது. பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய ஸிப்பாக இறங்கும், பிரித்தால் பக்கங்கள் பிரவுசரில் திறக்கும். தள நிர்வாகி அதை அனுமதித்திருக்க வேண்டும், பிறகு உங்கள் பாடநெறி அமைப்பிலும் இயக்க வேண்டும். குவிஸ் மட்டும் இந்த வழியில் வராது.

முழங்காவில், மாணவி: அப்போ குவிஸை வீட்டில் இருந்து செய்யவே ஏலாதா அண்ணா?

ஏலும் தங்கச்சி, ஆனால் மூடில் அப்பில்தான். அப்பில் ஓஃப்லைனாகச் செய்யலாம் என்று உங்கள் சேர் அந்தக் குவிஸின் அமைப்பில் அனுமதி கொடுக்க வேண்டும். நேரக் கட்டுப்பாடு வைத்த குவிஸுக்கு அந்த வசதி இல்லை. கவரேஜ் உள்ள இடத்தில் இறக்கி, வீட்டில் செய்து, திரும்பக் கவரேஜுக்கு வந்ததும் சிங்க் பண்ணி விடையைத் தளத்துக்கு அனுப்புங்கள். அதற்கு முதல் போனில் இடம் போதாதென்று அப்பை அழித்தால் விடையும் சேர்ந்து போய்விடும்.

ஒட்டுசுட்டான், ரியூசன் ஆசிரியர்: ஒரு மணி நேர வகுப்பு வீடியோ ஒன்றரை ஜிபி வருகிறது. என்ன செய்யலாம்?

ஹாண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு படத்தின் தெளிவை 480பிக்குக் குறையுங்கள். பலகையில் எழுதும் வகுப்பில் படம் பெரிதாக அசைவதில்லை. ஆகவே படத்துக்கு வினாடிக்கு 500 கிலோபிட் தரவு போதும். கணக்குப் போட்டால் ஒரு மணி நேரம் சுமார் 225 எம்பிக்குள் அடங்கும். ஒலி அதற்கு மேல் கொஞ்சம். 360பிக்கு இறங்க வேண்டாம். இரசாயனம் என்றால் நீரின் சூத்திரத்தில் (H₂O) உள்ள சின்ன 2 பொட்டுப் போலத்தான் தெரியும்.

புதுக்குடியிருப்பு, ஆசிரியர்: வேர்ட்டில் அடித்த நோட்ஸ் பிள்ளைகளின் போனில் ஆங்கில எழுத்தாகக் குழம்பித் தெரிகிறது.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்திருப்பீர்கள் சேர். எங்கள் பக்கத்தில் பாதி நோட்ஸுக்கு இதுதான் வியாதி. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் கோப்புக்குள் பதிவது ஆங்கில எழுத்துகளும் ஒரு அரைப்புள்ளியும்தான். எழுத்துரு அதன்மேல் தமிழ் முகமூடி போடுகிறது. பாமினி இல்லாத போனில் முகமூடி கழன்றுவிடும். அவசரத்துக்கு, எழுத்துருவையும் உள்ளே பதித்து பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். ஆனாலும் அதில் தமிழில் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது. நேரம் இருக்கும்போது, தமிழைத் தமிழாகவே பதியும் பொது முறையான யூனிகோட்டுக்கு மாற்றிவிடுவதே நல்லது. மாற்றிய பிறகு கொம்பு, கால் எல்லாம் சரியா என்று ஒருதரம் வாசித்துப் பாருங்கள்.

நெடுங்கேணி, அதிபர்: கணினி அறை இருக்கிறது, இன்ரநெற் இல்லை.

இன்ரநெற் இல்லாமலே பாடம் படிக்கக் கொலிப்ரி (Kolibri) என்றொரு மென்பொருள் இருக்கிறது, இலவசம் சேர். ஒரு கணினியில் நிறுவி, வைஃபை ரவுட்டர் ஒன்றைப் போட்டால் மற்றக் கணினிகள் பிரவுசரிலேயே பாடங்களைத் திறக்கும். புதுப் பாடங்களை இணையம் உள்ள இடத்தில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து ஏற்றலாம்.

துணுக்காய், ஆசிரியை: ஸிப் எடுத்தேன், எல்லாம் திறக்குது. ஆனால் வீடியோ வரும் இடம் மட்டும் வெறுமையாக இருக்கு.

அது யூடியூப் வீடியோ. பக்கத்தில் இருப்பது இணைப்பு மட்டும்தான், வீடியோ ஸிப்புக்குள் வரவில்லை. உங்கள் சொந்த வீடியோ என்றால் மூலக் கோப்பைச் சேர்த்துக் கொடுங்கள். மற்றவருடையது என்றால் அவரிடம் கேட்டு வாங்குங்கள். கொடுப்பதற்கு முதல் உங்கள் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, முதல் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள் டீச்சர்.