எல்லோரும் எடுத்துக்கொண்டால் சமம்தானே?

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் வாசகர் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்

கேள்வி: சார், மாட்டிக்கொண்டவன் மட்டும்தான் ஊக்கமருந்து குற்றவாளி. மாட்டாதவன் கழுத்தில் பதக்கம். பேசாமல் எல்லோருக்கும் அனுமதி கொடுத்துவிட்டால் போட்டி சமமாகிவிடுமே? எடுப்பதும் எடுக்காததும் அவரவர் இஷ்டம் என்று விட்டுவிடலாமே?
– கல்லூரி மாணவர், நாமக்கல்

பதில்: தம்பி, எனக்குச் சண்டையே அந்த 'அவரவர் இஷ்டம்' என்ற வார்த்தையோடுதான். 31 வருடம் பள்ளி மைதானத்தில் விசிலோடு நின்றிருக்கிறேன். மருந்து விஷயத்தில் ஒரு பிள்ளையின் இஷ்டம் எங்கே ஆரம்பிக்கிறது, கோச்சின் இஷ்டம் எங்கே முடிகிறது என்று என்னால் ஒருநாளும் பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை.

நீங்கள் சொல்வதற்கு ரொம்பப் பக்கத்தில் போய்ப் பார்த்த நாடு ஒன்று இருந்தது. கிழக்கு ஜெர்மனி. 1974 முதல் அரசாங்கமே ரகசியத் திட்டம் போட்டு, சுமார் 10,000 வீரர்களுக்கு ஊக்கமருந்து கொடுத்தது. அதில் முக்கியமானது ஓரல்-டூரினபோல் என்ற ஸ்டீராய்டு, அதாவது ஆண் ஹார்மோன் போல வேலை செய்து தசையை வளர்க்கும் மருந்து. சின்ன நீல மாத்திரை. நீச்சல் குளத்துக்கு வந்த பள்ளிச் சிறுமிகளிடம்கூட 'வைட்டமின்' என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

ஹைடி க்ரீகர் என்று குண்டு எறியும் பெண். 16 வயது வாக்கில் அந்த நீல மாத்திரை தொடங்கியது. 1986-ல் ஸ்டுட்கார்ட்டில் 21.10 மீட்டர் எறிந்து ஐரோப்பிய சாம்பியன். அந்த ஒரே ஆண்டில் அவர் உடம்புக்குள் போனது ஏறத்தாழ 2,600 மில்லிகிராம் ஸ்டீராய்டு. குரல் உடைந்தது, முகத்தில் முடி வளர்ந்தது. அப்புறம் 1997-ல் அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஆண்ட்ரியாஸ் என்ற ஆணாக வாழத் தொடங்கினார். தான் ஆணா பெண்ணா என்ற கேள்வி சிறுவயதிலேயே தனக்குள் இருந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அதற்கான விடையைத் தானாகத் தேடிக்கொள்ள மருந்து விடவில்லை என்பதுதான் அவருடைய வேதனை. 2000-ல் பெர்லின் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். திட்டத்தின் தலைமையில் இருந்த மான்ஃப்ரெட் எவால்டுக்கு 22 மாதத் தண்டனை கிடைத்தது. அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. சிறைக்குப் போகவில்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. மாத்திரையைக் கொடுக்க முடிவு செய்தவர் ஒருவர், அதை உடம்பில் சுமந்தவர் வேறொருவர். அனுமதி என்று வந்துவிட்டால் இது இன்னும் மோசமாகும். 'எனக்கு வேண்டாம்' என்று சொல்கிற பிள்ளையிடம் 'அப்போ நீ வீட்டுக்குப் போ' என்பார்கள். இன்றைக்கு அந்தப் பிள்ளை 'இது தடை செய்யப்பட்டது சார்' என்றாவது சொல்லலாம். அந்த ஒரு வாக்கியத்தையும் பிடுங்கச் சொல்கிறீர்கள். சமம் என்பதும் வராது. ஒரே மாத்திரை எல்லா உடம்பிலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. நல்ல மருத்துவரை வைத்துக்கொள்ளப் பணம் இருப்பவனே முன்னால் போவான்.

என்னிடம் நீளம் தாண்டிய பையன் ஒருவன் இருந்தான். ஒருநாள் பனியன் மாற்றும்போது பார்க்கிறேன், முதுகு முழுக்கச் சிவப்புச் சிவப்பாகப் பரு, ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு வருகிற மாதிரி. பையில் ஒரு பழுப்பு டப்பா, லேபிளைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். 'ஜிம் அண்ணன் குடுத்தார் சார், சத்து மாத்திரை' என்றான். பெயர் தெரியவில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைத்தால் வீட்டுக் கடன் அடையும், அதுதான் அவன் கணக்கு. அவனைக் குற்றவாளி என்று என்னால் எப்படிச் சொல்ல முடியும்?

2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டி நடந்தது. ஊக்கமருந்துப் பரிசோதனை அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும், ஆண்கள் 100 மீட்டர் இறுதி ஓட்டத்துக்கு ஒரே ஒருவர்தான் வந்து நின்றார். மற்ற ஏழு பாதையும் காலி. கழிவறையில் ஊசிகள் கிடந்தன. அந்தக் காலிப் பாதைகளை நினைத்துப் பாருங்கள், தம்பி. உங்கள் யோசனை சட்டமானால் மருந்தே வேண்டாம் என்று இருக்கிற பிள்ளையும் ஊசி வாங்கத்தான் போக வேண்டும்.

கேள்வி: சளி மாத்திரைக்காகப் பதக்கத்தைப் பறித்த கதை உண்மையா?
– வாசகி, காரைக்குடி

பதில்: உண்மைதான். 2000 சிட்னி ஒலிம்பிக். ருமேனிய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை ஆண்ட்ரியா ரடுகானுக்கு வயது 16. அணி மருத்துவர் கொடுத்த சளி மாத்திரையில், அப்போது தடைப் பட்டியலில் இருந்த சூடோஎஃபெட்ரின் என்ற மருந்து இருந்தது. தனிநபர் தங்கம் போயிற்று. மேல்முறையீடும் தோற்றது. உடம்பில் இருந்தால் பொறுப்பு வீரருடையது என்பது விதி. அந்த விதி இல்லாவிட்டால் எல்லோரும் 'எனக்குத் தெரியாது' என்று தப்பிவிடுவார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. மருத்துவருக்கு இரண்டு ஒலிம்பிக் தடையோடு முடிந்தது. அந்தப் பெண்ணுக்குப் போன தங்கம் திரும்ப வரவில்லை.

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு. 400 மீட்டர் ஓடுகிறாள். 'பவுடர் வாங்கிக் கொடுங்கள், டைமிங் குறையும்' என்கிறார் கோச். மறுத்தால் அணியிலிருந்து எடுத்துவிடுவாரோ என்று பயம்.
– பெயர் வேண்டாம், தஞ்சாவூர்

பதில்: அம்மா, உங்கள் பயம் நியாயமானது. சண்டை போட வேண்டாம், 'டப்பாவைக் கொடுங்க சார், எங்க டாக்டரிடம் ஒருதரம் காட்டிவிடுகிறேன்' என்று மட்டும் கேளுங்கள். நல்ல கோச் உடனே கொடுப்பார். தயங்கினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. லேபிள் சரியாக இருந்தாலும் உள்ளே எழுதாத பொருள் கலந்திருக்கலாம். அந்த வயதுக்கு முட்டை, வேர்க்கடலை, கேழ்வரகு, எட்டு மணி நேரத் தூக்கம் போதும். காய்ச்சல், சளிக்கு மாத்திரை எடுத்தால் மருந்துச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். பரிசோதனைக்கு அழைத்தால் கடந்த ஏழு நாளில் என்னென்ன மருந்து, என்ன பவுடர் என்று படிவத்தில் எழுதச் சொல்வார்கள். அப்போது அவள் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். அது நீங்களாக இருங்கள்.