மகனிடம் நேராகவே கேளுங்கள்

"என் மகன் ப்ளஸ் ஒன் படிக்கிறான். பத்தாவதில் நல்ல மார்க். இரண்டு மாதமாகக் கொடுத்தனுப்பும் டிபன் அப்படியே திரும்பி வருகிறது. திங்கட்கிழமை வந்தால் வயிற்றுவலி. ஸ்கேனில் ஒன்றுமில்லை. 'நடிக்கிறான்' என்கிறார் அவன் அப்பா. போன வாரம் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி' என்று எழுதியிருந்தான். இதைப் பற்றிக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நானே உண்டாக்கியது போலாகிவிடுமா?"
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாமக்கல் மாவட்டம்

அன்புச் சகோதரி,

ஆகாது. இன்றைக்கே கேளுங்கள். கேட்பதால் தற்கொலை எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்பதை மனநல மருத்துவர்கள் ஆராய்ந்தே சொல்கிறார்கள். பல பிள்ளைகளுக்கு, யாரோ கேட்டுவிட்டார்கள் என்பதே பெரிய ஆறுதல்.

எதிரே உட்காரவைத்து விசாரிக்க வேண்டாம். ராத்திரி திண்ணையில் நிலக்கடலை உரித்துக்கொண்டே பக்கத்தில் உட்காருங்கள். கை வேலையாக இருந்தால், முகம் பார்க்காமலே பேச்சு வரும். "கண்ணு, உன் நோட்டுல எழுதியிருந்ததைப் பார்த்துட்டேன். செத்துப்போகலாம்னு தோணுதா?" என்று அந்தச் சொல்லைச் சொல்லியே கேளுங்கள். அப்புறம் பேசாமல் இருங்கள். அவன் ஐந்து நிமிடம் ஒன்றும் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. "உனக்கு என்ன குறை வச்சோம்" என்று மட்டும் வாயெடுத்துவிடாதீர்கள். தன்னால் வீட்டுக்குப் பாரம் என்று ஏற்கெனவே நினைக்கிற பிள்ளை அவன்.

"ஆமாம்" என்றால் தனியே விடாதீர்கள். எப்படி என்றுகூட யோசித்து வைத்திருந்தால், விடியும்வரை காத்திருக்காமல் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். "இல்லை" என்றாலும் இந்த வாரமே மனநல மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பார்க்கலாம். 'டெலி மானஸ்' என்ற அரசு மனநல உதவி எண் 14416-இல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. முதலில் நீங்களே பேசுங்கள், தைரியம் வரும்.

அவனிடம் பேசுவதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. தோட்டத்துப் பூச்சிமருந்து, பாட்டியின் மாத்திரைகள் எல்லாவற்றையும் பூட்டி, சாவியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். செத்துப்போகலாம் என்ற அந்த வேகம் பெரும்பாலும் சில நிமிடம், சில மணி நேரம்தான். அப்போது கைக்கு எட்டாமல் இருந்தாலே பல நேரம் உயிர் தப்பிவிடும்.

சரி, வயிற்றுவலி. அது நடிப்பில்லை என்று அவன் அப்பாவிடம் சொல்லுங்கள். பயம் வந்தால் குடல் நிஜமாகவே இழுத்துப் பிடிக்கும். ஸ்கேனில் அது தெரியாது. இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக வருவதைவிட எரிச்சலாகவும், தலைவலி வயிற்றுவலியாகவும்தான் அதிகம் வெளிப்படும். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவன் அப்பாவும் கூட வரட்டும். அதை மருத்துவர் வாயால் கேட்டால் அவருக்கும் புரியும்.

திங்கட்கிழமை வகுப்பில் என்ன நடக்கிறது, வாரத் தேர்வா, ரேங்க் வாசிப்பதா, யாராவது சீண்டுகிறார்களா என்பதை வகுப்பாசிரியரிடம் தனியாக விசாரியுங்கள். அவன் என்ன குரூப், அதை யார் தேர்ந்தெடுத்தது என்று நீங்கள் எழுதவில்லை. அதையும் அவனிடம் ஒருநாள் கேட்க வேண்டும். ஆனால் இன்று ராத்திரி படிப்புப் பேச்சே வேண்டாம்.