300 சிடிகளை கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். எம்பி3 போதுமா, ஃப்ளாக் வேண்டுமா?

ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் வடிவமான ஃப்ளாக்கில் ஏற்றுங்கள். எம்பி3 வேண்டுமென்றால் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

"காதுக்கு வித்தியாசம் தெரியுமா?" என்று உடனே கேட்பார்கள். லேம் என்ற என்கோடரில் (எம்பி3-ஆகச் சுருக்கும் மென்பொருள்) வி0 என்ற உயர் தரத்தில் செய்த எம்பி3-ஐயும் சிடியையும் பிரித்துச் சொல்ல பெரும்பாலானவர்களால் முடியாது, அதை நான் மறுக்கவே இல்லை. என் கவலை வேறு. 300 சிடியை யாரும் இரண்டாம் தடவை உட்கார்ந்து ரிப் (சிடியைப் படித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது) செய்யப்போவதில்லை. நாளைக்கு காருக்கு எம்பி3, ஃபோனுக்கு ஓபஸ், ஐஃபோனுக்கு அலாக் என்று எந்த வடிவம் கேட்டாலும் ஃப்ளாக்கிலிருந்து பிறக்கும். எம்பி3-இலிருந்து இன்னொரு லாஸி (இழப்போடு சுருக்கும்) வடிவத்துக்குப் போனால் இழப்பின் மேல் இழப்பு.

அந்த இழப்பை ஜால்ராவில் கேட்கலாம். 128 கேபிபிஎஸ் (விநாடிக்கு 128 கிலோபிட்) எம்பி3-இல் பொதுவாக 16-17 கிலோஹெர்ட்சுக்கு மேல் உள்ள உச்ச ஒலிகளை வெட்டிவிடுவார்கள். ஜால்ராவின் கார்வை மணியாக நீளாமல் தண்ணீருக்குள் கேட்பதுபோல் சலசலக்கும். கடம், கஞ்சிராவில் அடி விழுவதற்கு ஒரு கணம் முன்னாலேயே மெல்லிய இரைச்சல் கசியும். எம்பி3 ஒலியைத் துண்டு துண்டாக எடுத்துச் சுருக்குவதால், அடியின் பிழை அந்தத் துண்டு முழுக்கப் பரவுகிறது. ஏற்கெனவே இப்படி இருப்பதை மறுபடி சுருக்கினால் சினிமாப் பாட்டில்கூடத் தெரியும்.

கச்சேரி சிடிகள் இருந்தால் இன்னொரு தொல்லை. ராகம், தானம், பல்லவியை மூன்று டிராக்காகப் பிரித்திருப்பார்கள், ஒலி மட்டும் நிற்காது. எம்பி3 என்கோடர் ஒவ்வொரு டிராக்கின் முன்னும் பின்னும் கொஞ்சம் மௌனத்தைச் சேர்க்கும். அது எவ்வளவு என்று லேம் குறித்து வைத்தாலும் பல கார் பிளேயர்கள் அதைப் படிப்பதில்லை, தம்புரா நடுவில் வெட்டுப்படும். ஃப்ளாக்கில் அந்தச் சேர்க்கையே கிடையாது.

இடக் கணக்கு: சிடி ஒலி விநாடிக்கு 1,411 கிலோபிட், அதாவது நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி. ஃப்ளாக் அதைப் பெரும்பாலும் 50-60 சதவீதமாக்கும். 50 நிமிட சிடி 300 எம்பி என்று வைத்தால் மொத்தம் 90 ஜிபி. இன்றைய ஹார்ட் டிஸ்க்கில் இது ஒரு மூலைக்குக் காணாது. 0 முதல் 8 வரையுள்ள சுருக்க நிலைகளைப் பார்த்துக் குழம்பாதீர்கள். எல்லாவற்றிலும் ஒலி ஒன்றுதான், அளவும் நேரமும்தான் மாறும். 5 போதும்.

உண்மையில் கவனம் தேவைப்படுவது ரிப் செய்யும் இடத்தில். தவறாகப் படித்த சிடியை ஃப்ளாக் அப்படியே பத்திரமாக வைத்திருக்கும், கீறல் சத்தம் உட்பட. விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருளை செக்யூர் மோடில் ஓட்டுங்கள். அக்யூரேட்ரிப் என்ற இணையப் பட்டியலில் உங்கள் சிடி இருந்தால் மற்றவர்களின் ரிப்புடன் ஒப்பிட்டுச் சொல்லிவிடும். இல்லையென்றால் 'டெஸ்ட் அண்ட் காப்பி' கொடுங்கள். இரண்டு முறை படிக்கும், இரண்டு சிஆர்சி எண்ணும் (படித்ததிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒன்றாக வர வேண்டும். வரவில்லையா, சிடியை மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்து மறுபடி போடுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் டிராக்கின் போக்கிலேயே விழும், டிரைவால் சரிசெய்ய முடியாது. லேபிள் பக்கம் கீறியிருந்தால் பாலிஷ் பயனில்லை. தகவல் அடுக்கு லேபிளுக்கு நேர் கீழேதான் இருக்கிறது.

ஃபோனில் ப்ளூடூத்தில் கேட்பவர் என்றால் அங்கே ஃப்ளாக் தேவையில்லை, ப்ளூடூத் எப்படியும் மறுபடி சுருக்கித்தான் அனுப்புகிறது. ஓபஸ் 128 கேபிபிஎஸ் தாராளம். பழைய கார் ஸ்டீரியோ ஓபஸை வாசிக்காது, அதற்கு எம்பி3 வி2 (வி0-க்குச் சற்றுக் கீழான தரம்).

கையில் இருக்கும் எம்பி3-ஐ ஃப்ளாக்காக மாற்றி "தரம் கூட்டிவிட்டேன்" என்று மட்டும் நினைக்காதீர்கள். ஃபைல்தான் பெருக்கும். இப்படிச் செய்ததையே லாஸ்லெஸ் (இழப்பில்லாதது) என்று விற்கிறார்கள். ஒலியின் அலைவரிசைகளைப் படமாகக் காட்டும் ஸ்பெக் என்ற மென்பொருளில் திறந்து பாருங்கள், 16 கிலோஹெர்ட்சில் கத்தியால் வெட்டியதுபோல் கோடு நின்றால் பெரும்பாலும் போலிதான். இவர்கள்தான் பாடகர் பெயர் இருக்க வேண்டிய டேக்கில் (ஃபைலுக்குள் இருக்கும் பாடல் விவரம்) தங்கள் இணையதள முகவரியை ஒட்டுகிறவர்கள். பாடியவர், இசையமைத்தவர், பாடலாசிரியர் மூவரையும் அழித்துவிட்டு அங்கே விளம்பரம் வைப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. நீங்கள் ரிப் செய்யும்போதே அட்டையைப் பார்த்து அந்த மூன்று பெயரையும் தட்டி வையுங்கள், ஒரு சிடிக்குப் பத்து நிமிடம் ஆகும்.

முடித்ததும் இரண்டு டிஸ்க்கில் பிரதி வையுங்கள். ஒவ்வொரு ஃப்ளாக்கிலும் மூல ஒலியின் எம்டி5 என்ற சரிபார்ப்பு எண் பதிந்திருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை ஃப்ளாக் மென்பொருளின் டெஸ்ட் ஓட்டினால் எந்தப் பாட்டு கெட்டது என்று பெயரோடு சொல்லும், மற்ற டிஸ்க்கிலிருந்து அதை மட்டும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.