கேமரா விலை மட்டும் போதாது

வணக்கம். 22 பேர் உள்ள உங்கள் ஊர்ப் போலீசுக்கு உடல் கேமரா (காவலர் சட்டையில் மாட்டிக்கொள்ளும் கேமரா) வாங்க, அமெரிக்க நீதித் துறை மானியத்தில் கேமரா விலையை மட்டும் காட்டினால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. கையைக் கடிப்பது பதிவுகளைச் சேமிக்கும் செலவுதான். 2015இல் 32 மாநிலங்களில் 73 அமைப்புகளுக்கு 2.3 கோடி டாலருக்கு மேல் கொடுத்தபோதே, நீண்டகாலச் சேமிப்புச் செலவை உள்ளூர் தலையில் கட்டிவிட்டார்கள்.

50 பேருக்கு மேற்படாத சிறிய அமைப்புகளுக்கெனத் தனிச் சிறுமானியம் வந்திருக்கிறது. இந்த ஆண்டு விண்ணப்பம் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பணத்தைவிட விதிமுறைதான் இழுத்தடிக்கும். வீட்டுக்குள் அழுதுகொண்டே ஒரு பெண் புகார் சொல்லும்போது கேமரா ஓடலாமா, அந்தப் பதிவை யார் பார்க்கலாம்? இதையெல்லாம் இப்போதே எழுதத் தொடங்குங்கள். அதற்கு ஒப்புதல் கிடைக்கும்வரை பெரும்பகுதிப் பணத்தை நிறுத்திவைப்பது நீதித் துறையின் வழக்கம்.